ஒரு சொல்லே தவமாக: கிறித்தவ தியான மரபின் வரலாறு

சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்பது தமிழர் தொன்றுதொட்டுப் போற்றிவரும் கொள்கை. தொல்காப்பியனார் செய்யுளியலில் மந்திரத்துக்கு இலக்கணம் வகுக்கும்போது, நிறைவுடைய சான்றோரின் ஆணையிற் பிறந்து, பொருள் மறைந்து நிற்கும் சொல்லே மந்திரம் என்னும் கருத்தைத் தருகின்றார். சைவர்க்கு அஞ்செழுத்தும் வைணவர்க்கு எட்டெழுத்தும் உயிர்த்துணை. இசுலாமியப் பெருமக்கள் 'திக்ரு' என்னும் பெயரால் இறைவன் திருநாமத்தை இடையறாது நினைவர்.

கிறித்தவர்க்கு இத்தகைய மந்திரம் உண்டோ என வினவின், 'இல்லை' என்றே பலரும் விடை கூறுவர். கோயில் மணி, திருப்பலி, செபமாலை, ஞானப்பாட்டு, வேத வாசிப்பு ஆகியனவே கிறித்தவ வழிபாட்டின் அடையாளங்களாக நம் கண்ணுக்குத் தெரிகின்றன. கண்மூடி அமர்ந்து, ஒரே சொல்லை உள்ளத்துள் உருவேற்றும் பழக்கம் கீழை நாட்டாருக்கே உரியது என்ற எண்ணம் நம்மிடமும் உண்டு. கிறித்தவர் பலரிடமும் உண்டு.

வரலாறு இதனை மறுக்கின்றது. ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கிறித்தவத் துறவிகள் ஒரு சொற்றொடரையே தவமாகக் கொண்டு வாழ்ந்தனர். இடைக்காலத்தில் மேற்குத் திருச்சபை அதனைப் பெரும்பாலும் மறந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது மீட்டெடுக்கப்பட்டபோது, மலாயாவில் தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு நிலையமும், நம் காவிரிக்கரையில் உள்ள ஒரு தவக்குடிலும் அம்முயற்சியில் பங்கு கொண்டன. பிறந்த மண்ணை விட்டுப் பிற மொழியாரிடையே வாழும் நம்மனோர்க்கு இவ்வரலாறு ஒரு செய்தியை வைத்திருக்கின்றது. அதனை இயன்ற அளவில் ஈண்டு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலைவனத்துத் தவசிகள்

கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்து நாட்டில் வனத்து அந்தோனியார் தம் உடைமைகளைத் துறந்து பாலைவனம் புகுந்தார். 313-இல் உரோமைப் பேரரசில் கிறித்தவர்க்கு வழிபாட்டு உரிமை கிடைத்தது. கொடுமைகள் ஓய்ந்து, சமயத்துக்கு அரசின் ஆதரவும் வந்த பின்னர், எளிமையை நாடிப் பாலைவனம் சென்றோர் தொகை பெருகிற்று. கெய்ரோ நகருக்கு வடமேற்கே, இன்று வாதி நத்ரூன் என வழங்கும் பள்ளத்தாக்கு அக்காலத்தில் ஸ்கீத்திஸ் எனப் பெயர் பெற்றிருந்தது. அங்கே தவசிகள் பனையோலையாற் கூடையும் பாயும் முடைந்து பிழைத்தனர். கை ஓலையைப் பின்ன, வாய் மறைமொழியைப் பின்னியது.

நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோவான் காசியன், செர்மானுஸ் என்னும் நண்பர் இருவர் அப்பள்ளத்தாக்குக்கு வந்தனர். ஐசக் என்னும் முதுபெருந் தவசியிடம் தம் குறையை வெளிப்படுத்தினர். செபிக்க அமர்ந்தால் மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு வேத வாக்கியத்தை நினைக்கும்போதே மற்றொன்று குறுக்கிடுகின்றது. கட்டுவது எப்படி என்பதே அவர்கள் வினா. குரங்கு மனம் என்று நாம் கூறும் அதே நோய்தான்.

ஐசக் தந்த மருந்து மிக எளியது. விவிலியத்தின் 70-ஆம் சங்கீதத்தின் முதல் அடி, இறைவனைத் துணைக்கு விரைந்து வருமாறு அழைக்கும் ஒரு வேண்டுகோள். அந்த ஓரடியை மட்டும் பற்றிக்கொள். இன்பத்திலும் துன்பத்திலும், உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும், எழும்போதும் நடக்கும்போதும் அதனை விடாதே என்பது அவர் அறிவுரை. எண்ணங்களாகிய செல்வங்களையெல்லாம் துறந்து, ஓரடி மட்டுமே உடைய ஏழையாக மனம் ஆகவேண்டும் என்பது அவர் கருத்து. இம்முறை பண்டைத் தந்தையர் மிகச் சிலர் வழியாக வந்தது என்றும், உண்மையான வேட்கை உடையோர்க்கு அன்றிப் பிறர்க்குச் சொல்லப்படுவதில்லை என்றும் அவர் கூறினார். தகுதி அறிந்து உபதேசிக்கும் நம் நாட்டு மரபை நினைவூட்டும் செய்தி இது.

காசியன் பின்னர் இன்றைய பிரான்சு நாட்டின் மர்செய் நகரை அடைந்து, 415-ஐ ஒட்டித் துறவு மடங்களை நிறுவினார். எகிப்தில் கேட்ட உரைகளை 24 உரையாடல்களாக இலத்தீன் மொழியில் எழுதினார். அவற்றுள் பத்தாவது உரையாடலிலேயே ஐசக்கின் உபதேசம் உள்ளது. ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் தம் மடங்களுக்கு ஒழுங்குநூல் இயற்றியபோது, காசியனின் நூலைத் துறவிகள் படிக்கவேண்டும் என்று விதித்தார். அதே சங்கீத அடியை வேளைச் செபங்களின் தொடக்கமாகவும் வைத்தார். ஆகவே, ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் நாவில் அவ்வடி நாள்தோறும் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஆனால், அது தனித்தவமாகப் பயிலப்பட்ட அடி என்பதை அவருட் பெரும்பாலோர் காலப்போக்கில் மறந்துபோயினர்.

கிழக்குத் திருச்சபையின் நாமசெபம்

கிரேக்க மொழி வழங்கிய கிழக்குத் திருச்சபையில் இம்மரபு அறுபடவில்லை. இயேசுவின் திருப்பெயரை அழைத்து இரக்கம் வேண்டும் குறுஞ்செபம் அங்கே வளர்ந்தது. எரிகோ நகரத்துக் குருடன் இயேசுவைக் கூவி அழைத்ததும், ஆலயத்தில் வரிதண்டுவோன் மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் வேண்டியதுமாகிய விவிலியச் செய்திகளே அதற்கு அடிப்படை. இது 'இயேசு செபம்' எனப் பெயர் பெற்றது. கிரேக்க நாட்டின் ஆத்தோஸ் மலைத் துறவிகள் மூச்சின் போக்கோடு இணைத்து இதனைப் பயின்றனர்.

இதற்கும் எதிர்ப்பு வந்தது. பதினான்காம் நூற்றாண்டில் பர்லாம் என்னும் அறிஞர், தலை தாழ்த்தி அமர்ந்து செபிக்கும் அத்துறவிகளைப் பார்த்து, உயிரைத் தொப்புளில் தேடுவோர் என்று எள்ளினார். கிரகோரி பலமாஸ் என்னும் துறவி அவருக்கு மறுப்பு எழுதினார். 1341-இலும் 1351-இலும் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கங்கள் துறவிகளின் பக்கமே தீர்ப்பளித்தன. 1782-இல் வெனிஸ் நகரில் 'பிலோகாலியா' என்னும் தொகைநூல் அச்சாகி, பல நூற்றாண்டுத் தவசிகளின் அறிவுரைகளை ஒருங்கே தந்தது. பின்னர் அது உருசிய நாட்டில் பரவிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டில் வெளியான 'ஒரு யாத்திரிகனின் வழி' என்னும் நூலில், பெயரறியா வழிப்போக்கன் ஒருவன் இச்செபத்தை நாள் ஒன்றுக்கு 3,000 முறை, பின் 6,000 முறை, பின் 12,000 முறை என வளர்த்துச் செல்லும் வரலாறு கூறப்படுகின்றது. கோடிக்கணக்கில் இராம நாமம் எழுதும் அன்பர்களைக் கண்ட நமக்கு இது வியப்பாகத் தோன்றாது.

மேற்கின் மறதி

மேற்கு நாடுகளிலும் இச்சுடர் முற்றிலும் அணைந்துவிடவில்லை. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பெயர் கூறாத ஆசிரியர் ஒருவர் 'அறியாமையின் மேகம்' என்னும் நூலை எழுதினார். கடவுளை அறிவினால் எட்ட முடியாது, அன்பினாலேயே எட்டலாம் என்பது அவர் கோட்பாடு. அதற்கு ஓரசைச் சொல் ஒன்றைத் தேர்ந்து நெஞ்சிற் கட்டிக்கொள் என்றும், சொல் எத்துணைச் சிறியதோ அத்துணை நன்று என்றும் அவர் வழி காட்டினார்.

ஆயினும், பதினாறாம் நூற்றாண்டில் திருச்சபை பிளவுபட்ட பின்னர் நிலைமை மாறிற்று. யார் எதை நம்புகிறார் என்று ஆராய்வதே பெருங்கவலையாயிற்று. பேசாத செபத்தை எவ்வாறு ஆராய்வது? பதினேழாம் நூற்றாண்டில் மிகுவேல் தெ மோலினோஸ் என்னும் ஸ்பெயின் நாட்டுக் குரு, ஆன்மா செயலற்று அடங்கி நிற்பதே போதும் என்று போதித்தார். 1687-இல் போப்பாண்டவர் பதினொன்றாம் இன்னொசென்ட் அவர் கொள்கைகளைக் கண்டித்தார். அதன் பின்னர் மௌனத்தைப் பற்றிய பேச்சே ஐயத்துக்கு உரியதாகிவிட்டது. சிந்தித்துச் செய்யும் தியானமும், வாய்விட்டுச் சொல்லும் செபமும் போதும். சொற்கடந்த தியானம் மடத்துள் வாழும் ஒரு சிலர்க்கே உரியது என்ற எண்ணம் வேரூன்றியது. இல்லறத்தார்க்கு அக்கதவு ஏறத்தாழ அடைக்கப்பட்டது எனலாம்.

மலாயாவில் ஒரு சந்திப்பு

அக்கதவைத் திறந்தவருள் ஒருவர் ஜான் மெயின். அயர்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்த இவர் 1926-இல் இலண்டனில் பிறந்தார். டப்ளின் நகரின் டிரினிட்டி கல்லூரியில் சட்டம் பயின்று, பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டுப் பணியில் சேர்ந்து, 1950-களின் நடுவில் மலாயாவுக்குச் சென்றார். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியால் அந்நாட்டில் நெருக்கடிநிலை நிலவிய காலம் அது.

கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தர் என்னும் இந்துத் துறவி வாழ்ந்துவந்தார். மலாயா மண்ணிலேயே பிறந்த அவர் 1949-இல் 'சுத்த சமாஜம்' என்னும் நிலையத்தை நிறுவி, ஆதரவற்ற குழந்தைகளுக்குப் புகலும் கல்வியும் அளித்து, பல சமயத்தாரிடையே நல்லிணக்கம் வளர்க்கப் பாடுபட்டார். 1961-இல் அவர் மறைந்த பின்னர் அப்பணியைச் சிங்கப்பூரிற் பிறந்த தமிழ்ப் பெண்மணி அன்னை மங்களம் 2023-இல் தாம் மறையும்வரை தொடர்ந்து நடத்தினார் என்பது கடல் கடந்த தமிழர் வரலாற்றில் பொன்னெழுத்துக்களாற் பொறிக்கத்தக்கது.

அரசாங்க அலுவல் நிமித்தம் சுவாமியைக் காணச் சென்ற ஜான் மெயின், வந்த வேலை முடிந்ததும் அவர் தியானம் செய்யும் முறையைப் பற்றிக் கேட்டார். தாம் கிறித்தவர் ஆதலால் அதனைக் கற்கலாமா என்றும் வினவினார். சுவாமி நகைத்து, கற்றால் மேலும் நல்ல கிறித்தவர் ஆகலாமே என்ற பொருள்பட விடை கூறினார். ஒரு மந்திரம் வேண்டும். நீர் கிறித்தவர், எனவே அது கிறித்தவ மந்திரமாகவே இருக்கவேண்டும் என்பது அவர் விதித்த நெறி. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. மனம் அலைந்தாலும் சொல்லை விடாது சொல்லவேண்டும். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் ஜான் மெயின் வாரந்தோறும் சுவாமியிடம் சென்று உடனமர்ந்து தியானம் செய்தார்.

ஆட்சி செய்யும் நாட்டின் அதிகாரி, ஆளப்படும் நாட்டின் துறவியின் முன் மாணவனாக அமர்கின்றார். துறவியோ, வந்தவரைத் தம் சமயத்துக்கு இழுக்கவில்லை. அவருடைய சமயத்துள்ளேயே ஆழ இறங்கச் சொல்கின்றார். கற்றவர் பெருமையும் கற்பித்தவர் பெருமையும் இதில் ஒருங்கே விளங்குகின்றன.

கைவிட்டதும் கண்டெடுத்ததும்

ஜான் மெயின் அயர்லாந்து திரும்பித் தாம் பயின்ற கல்லூரியிலேயே சட்ட ஆசிரியரானார். சகோதரியின் சிறு மகன் நோயுற்று இறந்த துயரம் அவரை உலுக்கிற்று. 1959-இல் இலண்டன் ஈலிங் மடத்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியானார். ஆனால், நவசந்நியாசிகளுக்குப் பொறுப்பாளராயிருந்த மூத்த துறவி, மந்திரம் சொல்லும் தியானம் கிறித்தவச் செபம் அன்று எனக் கூறி, அதனை விட்டுவிடுமாறு பணித்தார். கீழ்ப்படிதல் துறவியின் கடமை. ஜான் மெயினும் விட்டுவிட்டார். தம் உள்ளத்துக்கு உணவாயிருந்ததைப் பத்தாண்டுக்கு மேல் அவர் தொடவில்லை.

1970-இல் அவர் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் சபையின் பள்ளி ஒன்றுக்குத் தலைமையாசிரியரானார். அங்கே ஓர் இளைஞர் வந்து, கிறித்தவத்தில் ஆழ்நிலைத் தியான மரபு உண்டா என்று கேட்டார். அவருக்குப் படிக்கக் கொடுத்த நூல், அகுஸ்தீன் பேக்கர் என்னும் பதினேழாம் நூற்றாண்டுத் துறவியின் 'புனித ஞானம்'. இளைஞர் காட்டிய ஆர்வத்தால் ஜான் மெயினும் அதனை மீண்டும் படிக்கலானார். அந்நூல் அவரைக் காசியனிடம் கொண்டுசேர்த்தது. காசியனின் பத்தாம் உரையாடலில் ஐசக்கின் உபதேசம் அவருக்காகக் காத்திருந்தது.

கோலாலம்பூர்ச் சுவாமி சொன்னதும் எகிப்துத் தவசி சொன்னதும் ஒன்றே. 'கிறித்தவம் அன்று' என்று விலக்கப்பட்ட பொருள், ஆசீர்வாதப்பர் தம் மக்கள் படிக்கவேண்டும் என்று விதித்த நூலிலேயே இருந்தது! அலுவலகங்களிற் பணியாற்றுவோர்க்கு இது எளிதில் விளங்கும். இல்லை என்று பல ஆண்டுகள் பதிலெழுதிய ஆவணம், பழங்கோப்பு அறையில் உரிய எண்ணோடு உரிய கட்டில் இருப்பதுபோல, அது இருந்த இடத்திலேயே இருந்தது. தேடுவோர் இல்லாமையே குறை.

1975-இல் ஈலிங் மடத்தில் தியான நிலையம் ஒன்று தொடங்கிற்று. இல்லறத்தாரும் அலுவலர்களும் அங்கே வந்து பயின்றனர். 1977-இல் ஜான் மெயின் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்துக்குச் சென்று சிறு மடம் ஒன்றை நிறுவினார். 1982 டிசம்பர் 30-இல் அங்கேயே மறைந்தார். அவர் மாணவர் லாரன்ஸ் ஃபிரீமன் அப்பணியைத் தொடர்ந்தார். இதே எழுபதுகளில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பென்சர் மடத்தில் வில்லியம் மெனிங்கர், பேசில் பென்னிங்டன், தாமஸ் கீட்டிங் என்னும் துறவியர் மூவர் 'அறியாமையின் மேகம்' காட்டிய வழியிற் சென்று, 'மையச் செபம்' எனப்படும் முறையை வகுத்தனர் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

காவிரிக்கரையில்

நம் நாட்டிலும் இத்தேடல் நிகழ்ந்தது. பிரெஞ்சுக் குருக்களாகிய மொன்சானென், ஆன்றி லெ சோ ஆகிய இருவர் 1950-இல் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில், சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். சாந்திவனம் என்பது அதன் வழக்குப் பெயர். லெ சோ 1949-இல் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தவர். அபிஷிக்தானந்தர் என்னும் பெயர் பூண்டு, பின்னர் இந்தியக் குடிமகனாகவே ஆனவர். 1968-இல் அவ்வாசிரமப் பொறுப்பை ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் ஏற்றார். காவியுடையும் எளிய குடிலும் கொண்டு வாழ்ந்த அவர், இயேசு செபத்தையே தம் தனித்தவமாக நெடுங்காலம் பயின்றார். 1991-இல் அமெரிக்காவில் நடந்த ஜான் மெயின் நினைவுக் கருத்தரங்கில் உரையாற்றியவர் இவரே. அக்கருத்தரங்கிலேயே 'கிறித்தவ தியான உலகச் சமூகம்' உருவெடுத்தது. 1993-இல் பீட் கிரிஃபித்ஸ் சாந்திவனத்தில் மறைந்தார்.

தடையும் விடையும்

இம்முறைக்கு மறுப்புக் கூறுவோர் இன்றும் உளர். பிற இனத்தாரைப் போல வீண் சொற்களை அடுக்கவேண்டா என்று இயேசு போதித்ததை அவர்கள் எடுத்துக்காட்டுவர். அங்கே விலக்கப்பட்டது, மிகப் பல சொற்களால் இறைவனைக் கேட்கச் செய்யலாம் என்னும் எண்ணம். ஒரே சொல்லில் நிற்பவன் சொற்களை அடுக்குபவன் அல்லன், குறைப்பவன். இயேசுவே கெத்செமனித் தோட்டத்தில் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லிச் செபித்தார் என்று மத்தேயு நற்செய்தி கூறுகின்றது.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையானவையும் தூயவையுமாகிய எதனையும் கத்தோலிக்கத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று அறிவித்தது. 1989-இல் வத்திக்கான் கிறித்தவ தியானத்தைப் பற்றி ஆயர்களுக்கு விடுத்த மடல் எச்சரிக்கை மிகுந்தது. உடலுக்கும் மனத்துக்கும் வரும் அமைதியைத் தெய்வ அனுபவம் என மயங்கலாகாது, முறை வேறு அருள் வேறு என்று அது வற்புறுத்திற்று. கீழை முறைகளைக் கிறித்தவம் அல்லாதவை என்ற காரணத்தாலேயே தள்ளிவிடலாகாது என்றும் கூறிற்று. அவ்வெச்சரிக்கையில் நியாயம் உண்டு. மன அமைதி மட்டுமே குறிக்கோள் ஆயின் தவம் மருந்தாகச் சுருங்கிவிடும்.

இரு மரபுகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை என்று கூறுவதும் பொருந்தாது. நம் மந்திரங்களுக்குத் தீட்சை உண்டு. ஒலிக்கே தனி ஆற்றல் உண்டு என்னும் கொள்கை உண்டு. ஜான் மெயினின் முறையில் தீட்சை இல்லை, எண்ணிக்கையும் இல்லை. சொல் என்பது தன்னை மறந்து கிறித்துவின் செபத்தோடு ஒன்றுவதற்குரிய வழி, அவ்வளவே. வேறுபாட்டை அறிந்து மதிப்பதே உண்மையான நட்பு.

பயிலும் முறையும் சொல்லும்

முறை மிக எளிது. முதுகை நிமிர்த்தி அசையாது அமர்தல். கண்களை மெல்ல மூடுதல். ஒரு சொல்லை உள்ளத்துள் தொடர்ந்து சொல்லுதல். பொருளை ஆராயவேண்டா, காட்சிகளைக் கற்பிக்கவேண்டா. மனம் விலகினால் சினமின்றிச் சொல்லுக்கே திரும்பவேண்டும். காலையும் மாலையும் இருபது முதல் முப்பது நிமிடம். எளிமையே இதன் கடுமை என்பது பயின்றோர் அறிவர்.

ஜான் மெயின் பரிந்துரைத்த சொல் 'மாரநாதா' என்பது. மா-ர-நா-தா என நான்கு அசையாகச் சமமாகச் சொல்லவேண்டும். தமிழ்ச் செவிக்கு 'நாதா' என்னும் விளிபோல ஒலிப்பினும், இது இயேசு பேசிய அரமேய மொழிச் சொல். 'எம் ஆண்டவரே வாரும்' என்பது அதன் பொருள். 'எம் ஆண்டவர் வந்தார்' எனவும் பிரிப்பர்.

இச்சொல்லின் வரலாற்றில் நமக்கு உரிய செய்தி ஒன்று உண்டு. பவுல் அடிகள் முதல் நூற்றாண்டில் கொரிந்து நகரத்தார்க்குக் கடிதம் எழுதியது கிரேக்க மொழியில். படித்தோரும் கிரேக்கம் பேசுவோர். எனினும் கடிதத்தின் முடிவில் இவ்வொரு சொல்லை அவர் மொழிபெயர்க்காமல் அரமேயத்திலேயே விட்டார். முதற் கிறித்தவர்கள் ஊர் விட்டு ஊர் சென்றனர், மொழி மாறினர், பிள்ளைகள் வேறு மொழியில் வளர்ந்தனர். ஆயினும் செபத்தில் மட்டும் தாயகத்துச் சொல் தங்கிவிட்டது. 'ஆமென்', 'அப்பா' என்பனவும் அவ்வாறு தங்கியவையே.

நாம் கொள்ளத்தக்கது

தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் நம் குடும்பங்களின் நிலையும் இதுவன்றோ? பிள்ளைகள் பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி பேசுகின்றனர். தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் திகைக்கின்றனர். ஆயினும் விளக்கேற்றும் வேளையில் 'முருகா' என்பதும், உறங்கும் முன் 'இயேசுவே' என்பதும், தமிழ்நாட்டு இசுலாமியக் குடும்பங்களில் பாட்டி சொல்லித்தரும் துஆவும் நாவில் நிற்கின்றன. மற்றவை போனாலும் இறுதி வரையிற் போகாது நிற்பது வழிபாட்டுச் சொல். மொழியின் கடைசிக் காவலரண் அதுவே. அதனைப் பிள்ளைகளுக்குத் தருவதற்கு வகுப்பறை வேண்டா. நாள்தோறும் சில நிமிடம் உடன் அமர்ந்தால் போதும்.

மற்றொன்றும் உண்டு. பிறரோடு பழகினால் நம்முடையது அழிந்துவிடும் என்ற அச்சம் புலம்பெயர்ந்தோர்க்கு இயல்பு. அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. கவனமின்றி வாழ்வோர் தம்முடையதை இழப்பதும் உண்டு. ஆயினும் ஜான் மெயினின் வாழ்வு வேறொரு வழியைக் காட்டுகின்றது. அயலார் ஒருவரின் வீட்டில் விளக்கொளியைக் கண்டவர், தம் வீட்டு மாடத்திலும் விளக்கு இருந்ததை உணர்ந்தார். சுவாமி சத்தியானந்தர் தம் விளக்கைக் கொடுத்துவிடவில்லை. வந்தவருடைய விளக்கை ஏற்றிக்கொள்ளச் சொன்னார். கொடுத்தவர்க்கும் குறைவில்லை, பெற்றவர்க்கும் தம் பெயர் மாறவில்லை.

பல மொழியாரும் பல சமயத்தாரும் ஒரே மாடிக் குடியிருப்பில் அடுத்தடுத்து வாழும் இந்நாட்டில், இத்தகைய கொடுக்கல் வாங்கல் நாடோறும் நிகழ்தல் வேண்டும். அயலாரிடம் கற்போம், கற்றபின் நம் ஏட்டைத் திறந்து பார்ப்போம். தேடியது அங்கேயே இருக்கக்கூடும்.